மவுண்ட் ரோட்டில் ஒரு வாரம்: உஷா உதுப்பும் மெட்ராஸ் தவறவிட்ட மேடையும்

கடம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் ஆராய்ச்சியெல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். போன மாதம் ஒருநாள் காலை போனில் 'டிஸ்கோ டான்ஸர்' படப் பாட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் தினமும் என்னோடு வரும் நண்பர் எட்டிப் பார்த்து, "அட, அந்தப் பெங்காலி அம்மா" என்றார். "பெங்காலி இல்ல சார், தமிழ்க் குடும்பம்" என்றேன். அவர் நம்பவில்லை. சாயங்காலம் வீட்டில் கேட்டேன்; அங்கேயும் யாரும் நம்பவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கும் நாற்பது வயதுக்கு மேல்தான் இது தெரியும். அதுவரை எனக்கும் அவர் "வடநாட்டுப் பாடகி"தான். காஞ்சிபுரம் பட்டு கட்டிக்கொண்டு, பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, ஹிந்தியில் டிஸ்கோ பாடுகிறவர். அந்தப் பட்டு நம்ம பக்கத்து மாவட்டத்துச் சரக்கு. ஆனால் அந்தப் பொட்டில் இருப்பது 'க' என்ற வங்காள எழுத்து, கொல்கத்தாவின் முதல் எழுத்து. ஒரு ஆளின் மொத்தச் சரித்திரமும் நெற்றியிலும் புடவையிலும் எழுதியிருக்கிறது, நாம்தான் படிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் பதிவில் நான் கேட்க நினைக்கும் கேள்வி இதுதான். உஷா உதுப் இரவு விடுதியில் பாட ஆரம்பித்தது மெட்ராஸில். அப்படியிருக்க, அவர் ஏன் கல்கத்தாக்காரர் ஆனார்? நாம் எப்படி அவரைத் தவறவிட்டோம்?

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

தேட ஆரம்பித்ததும் ஒரு சிக்கல். எங்கள் தொழிலில் ஒரே வாடிக்கையாளர் இரண்டு பெயரில் பதிவாகியிருந்தால் கணக்கு எதுவும் சரியாக வராது. இங்கேயும் அதே கதை. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வந்த இசைத்தட்டுகளில் அவர் பெயர் 'உஷா ஐயர்'. 'உஷா உதுப்' என்று தேடினால் அவை கிடைக்காது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த பிறகுதான் எனக்கு முழுப் படமும் தெரிந்தது. ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். வருடம், ஊர், இடம், கூட வாசித்தவர்கள் என்று நாலு பத்தி. அந்த ஷீட்டில் ஊரும் இடமும் மாறிக்கொண்டே இருக்கின்றன, வாத்தியக்காரர்களும் மாறுகிறார்கள். மாறாமல் இருப்பது குரலும் புடவையும்தான்.

வீட்டிலேயே ஒரு குழு

பிறந்தது 1947, பம்பாயில். அப்பா போலீஸ் அதிகாரி. பெற்றோர் மெட்ராஸைச் சேர்ந்தவர்கள். வீட்டில் ரேடியோவில் ஹிந்துஸ்தானியும் ஓடும், மேற்கத்திய இசையும் ஓடும். சகோதரிகளும் பாடகிகள். 'சாமி சிஸ்டர்ஸ்' என்று பம்பாய் இசை வட்டாரத்தில் பெயர் வாங்கியவர்கள். அவர்களில் உமா போச்சா பாடிய 'பாம்பே மேரி ஹை' ஒரு காலத்தில் பெரிய ஹிட்.

உஷாவின் குரலை வெளியே கொண்டுவந்தது பள்ளிக்கூடம் இல்லை, இலங்கை வானொலி. ரேடியோ சிலோனின் ஓவல்டின் நிகழ்ச்சியில் பாடினார். நம் வீடுகளில் தமிழ் சேவை கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்த நிலையத்தின் அருமை தெரியும். அதே நிலையம் பம்பாயில் ஒரு சின்னப் பெண்ணுக்கும் மைக் கொடுத்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நடந்தது வேறு. கான்வென்ட்டில் பாட்டு வகுப்பிலிருந்து அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். காரணம், அந்தக் குரல் மற்ற பிள்ளைகளின் குரலோடு சேரவில்லை. மெல்லிய உச்சக் குரல்களுக்கு நடுவில் கனமான, தாழ்ந்த சுருதியில் ஒரு குரல். ஆனாலும் இந்தப் பெண்ணிடம் இசை இருக்கிறது என்று டீச்சருக்குப் புரிந்திருக்கிறது. கையில் முக்கோணக் கம்பியும் தாளக்கட்டையும் கொடுத்துத் தட்ட வைத்தார்கள். பாடாதே, ஆனால் கூட இரு என்பதுதான் அதன் அர்த்தம். இந்தச் சம்பவத்தை அவரே பல மேடைகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். இதற்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

நைன் ஜெம்ஸ்

அறுபதுகளின் கடைசி. மவுண்ட் ரோட்டில் ஜெமினி பக்கம் சஃபையர் தியேட்டர் வளாகம். சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே கட்டடத்தில் மூன்று தியேட்டர்கள், மூன்றுக்கும் ரத்தினப் பெயர். அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஓர் இரவு விடுதி, 'நைன் ஜெம்ஸ்'. நவரத்தினம் என்று பெயர் வைத்த கை எது என்று சொல்லவே வேண்டாம்.

மெட்ராஸ் வந்திருந்த உஷா அங்கே ஏறிப் பாடினார். கட்டியிருந்தது புடவை. கவுன் போட்டுத்தான் கிளப்பில் பாட வேண்டும் என்று எல்லாரும் நினைத்த காலம் அது. விடுதி முதலாளிக்குக் குரல் பிடித்துப்போய், ஒரு வாரம் இருந்து பாடச் சொன்னார். அந்த ஒரு வாரம்தான் அவருடைய இரவு விடுதி வாழ்க்கையின் தொடக்கம்.

அதற்குப் பிறகு பம்பாயில் 'டாக் ஆஃப் தி டவுன்'. அடுத்து 1969-ல் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் 'டிரிங்காஸ்'. பிறகு டெல்லியில் ஓபராய் ஹோட்டல். ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு வாத்தியக் குழு. பாடகி உள்ளே வருவார், அங்கே ஏற்கெனவே இருக்கும் குழுவோடு ஒரு ஒத்திகை, ராத்திரி மேடை. மென்பொருள் வேலையில் புது புராஜெக்ட்டுக்குப் போகிற மாதிரிதான். ஆள் ஒன்று, டீம் வேறு, ஆனால் முதல் நாளே வேலை நடந்தாக வேண்டும்.

சஃபையர் இப்போது இல்லை. நான் சினிமா பார்க்க ஆரம்பித்த வயதில் அது மூடுகிற நிலைக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது எங்கள் ஆபீஸ் பையன்களிடம் காட்டினேன். "இங்க ஒரு நைட் கிளப் இருந்துச்சு, உஷா உதுப் பாடினாங்க." ஒரு பையன் கேட்டான்: "அப்புறம் ஏன் சார் இங்கேயே பாடல?"

நல்ல கேள்வி. அதற்கான என் பதில்தான் அடுத்த பகுதி.

மெட்ராஸில் என்ன குறை?

என் ஊகம் இது. நண்பர்கள் மறுக்கலாம்.

முதல் காரணம் மதுவிலக்கு. 1948-லிருந்தே மெட்ராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல்தான் கலைஞர் ஆட்சியில் அது தளர்ந்தது, 1974-ல் மறுபடி வந்தது. அதாவது உஷா நைன் ஜெம்ஸில் பாடியபோது பர்மிட் இல்லாதவர் சட்டப்படி ஒரு கிளாஸ் பீர்கூடக் குடிக்க முடியாது. மதுவிலக்கு சரியா தப்பா என்ற விவாதத்துக்கே நான் போகவில்லை. எங்கள் தெருவிலேயே குடியால் அழிந்த குடும்பங்கள் உண்டு. நான் சொல்வது கணக்கு மட்டும். ராத்திரி வாத்தியக் குழுவுக்கு மாதச் சம்பளம் கொடுப்பது இட்லியும் காபியும் விற்று நடக்காது. கல்கத்தாவில் அந்தத் தடை இல்லை. அதனால் பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ், புளூ ஃபாக்ஸ், மூலேன் ரூஜ் என்று வரிசையாக உணவகங்கள், ஒவ்வொன்றிலும் சம்பளத்துக்குக் குழு. பாம் கிரெய்ன் என்ற ஜாஸ் பாடகி அங்கே ராணி. லூயிஸ் பேங்க்ஸ் அங்கே பியானோ வாசித்துத்தான் பெரிய ஆள் ஆனார். பிற்காலத்தில் லண்டன் போய்ப் புகழ்பெற்ற பிட்டுவும் டிரிங்காஸ் மேடையில் ஏறியவர்தான்.

உடனே ஒருவர் கேட்பார்: பம்பாயிலும் மதுவிலக்குச் சட்டம் இருந்ததே? இருந்தது. அங்கே அறுபதுகளில் பர்மிட் முறை ரொம்பத் தளர்ந்துவிட்டது. ஆனாலும் கேள்வி நியாயமானதுதான். மதுவிலக்கை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது. அதனால் இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

மெட்ராஸில் மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. எம்.எஸ்.விஸ்வநாதனிடம் வாசித்தவர்களை மட்டும் பாருங்கள். கிடாருக்கு பிலிப்ஸ், டிரம்ஸுக்கு நோயல் கிராண்ட், அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி. எந்த ஊர் கிளப்பிலும் உட்கார்ந்து வாசிக்கக்கூடிய கைகள். ஆனால் அந்தக் கைகளுக்கு வடபழனி, கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் வேலை இருந்தது. கிளப்பில் வாசிக்க வேண்டியவர்கள் கிளப் பாட்டுக்கு ஸ்டூடியோவில் வாசித்தார்கள். அதாவது நம்மிடம் கிளப் இல்லை, சினிமாவில் கிளப் காட்சி இருந்தது. வில்லன் கையில் கிளாஸ், ஆடுகிறவர் உடம்பில் ஜிகினா, பின்னால் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல். நிஜ மெட்ராஸ் பத்து மணிக்குத் தூங்கப் போய்விடும். திரையில் மட்டும் விடிய விடிய கிளப்.

இதனால் என்ன ஆகும்? மேடையில் பாடகிதான் முடிவு செய்வார், இன்றைக்கு என்ன பாட்டு, எந்தச் சுருதி என்று. குழு அவர் சுருதிக்கு இறங்கி வரும். சினிமாவில் பாட்டு முதலில் வரும், பாத்திரம் வரும், அப்புறம்தான் குரல் தேடுவார்கள். அந்தக் காலத்துக் கதாநாயகிக்கு உயர்ந்த, மெல்லிய குரல் வேண்டும். கனமான குரலுக்குக் கதாநாயகி வேஷம் அபூர்வம். எல்.ஆர்.ஈஸ்வரி எவ்வளவு பெரிய பாடகி! அவருக்கே பெரும்பாலும் கிடைத்தது கிளப் பாட்டும் தோழிப் பாட்டும். பிறகு அவரை ஒவ்வொரு தெருவுக்கும் கொண்டுபோனது அம்மன் பாட்டு. ஆடி மாதம் எங்கள் கடம்பத்தூரில் காலை ஐந்து மணிக்கு என்னை எழுப்புவது இன்றைக்கும் அவர் குரல்தான். கிளப் இல்லாவிட்டால் கோயில். நடுவில் இடமே இல்லை.

உஷா உதுப்புக்குத் தேவைப்பட்டது அந்த நடு இடம். அது பார்க் ஸ்ட்ரீட்டில் இருந்தது.

சினிமா அவருக்கு என்ன கொடுத்தது?

ஹிந்திப் படம் அவரைக் கண்டுபிடித்ததும் டெல்லி ஹோட்டல் மேடையில்தான். சசி கபூரும் தேவ் ஆனந்தின் நவ்கேதன் குழுவினரும் அங்கே கேட்டிருக்கிறார்கள். 1970-ல் 'பாம்பே டாக்கி' படத்தில் சங்கர்–ஜெய்கிஷன் இசையில் பாடினார். 1971-ல் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'. அந்தப் படத்தின் 'தம் மாரோ தம்' தனக்கு வர வேண்டிய பாட்டு என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அது ஆஷா போஸ்லேவுக்குப் போனது. உஷாவுக்குக் கிடைத்தது அதே படத்தில் இன்னொரு பாட்டின் ஆங்கிலப் பகுதி.

தமிழில் 1975-ல் ஏ.பி.நாகராஜனின் 'மேல்நாட்டு மருமகள்'. இசை குன்னக்குடி வைத்தியநாதன். யோசித்துப் பாருங்கள்: 'திருவிளையாடல்' எடுத்த இயக்குநர், வயலின் வித்வான் இசையமைப்பாளர், அதில் உஷா உதுப் திரையிலேயே தோன்றி ஆங்கிலத்தில் ஒரு பாட்டு. தமிழ்க் குடும்பத்துப் பெண்ணைத் தமிழ்ப் படம் கூப்பிட்டது ஆங்கிலம் பாடுவதற்கு! அடுத்து என் தலைமுறைக்குத் தெரிந்தது 1990-ல் மணிரத்னத்தின் 'அஞ்சலி'. இளையராஜாவின் அதிவேகப் பாட்டு ஒன்று. பிறகு 2010-ல் 'மன்மதன் அம்பு' படத்தில் மாதவனுக்கு அம்மாவாக நடிப்பு. என் ஷீட்டில் தமிழுக்கு இருக்கும் வரிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். அவற்றுக்கு நடுவில் பதினைந்து, இருபது வருட இடைவெளிகள்.

அந்த இடைவெளிகளில் அவர் சும்மா இல்லை. எழுபதுகளில் கென்யா போனார். நைரோபியில் 'ஃபெலினி ஃபைவ்' என்ற உள்ளூர்க் குழுவோடு நேரடி நிகழ்ச்சி இசைத்தட்டு வெளியிட்டார். சுவாஹிலி மொழியில் 'மலைக்கா' பாடினார். அந்த நாட்டின் ஜனாதிபதி ஜோமோ கென்யாட்டா அவரைக் கௌரவக் குடிமகள் ஆக்கினார். வேறு ஊர், வேறு குழு, வேறு மொழி, அதே புடவை. டிரிங்காஸில் சந்தித்த கேரளக்காரரான ஜானி சாக்கோ உதுப்பைக் கல்யாணம் செய்துகொண்டார், மலையாளத்துக்கும் சொந்தமானார். 'தி சவுண்ட்' என்று தனக்கென்று ஒரு குழு அமைத்துக்கொண்டார். என் கணக்கில் அதுதான் அவர் எடுத்த மிக முக்கியமான முடிவு.

ஏன் என்று சொல்கிறேன். எழுபதுகளிலேயே பார்க் ஸ்ட்ரீட்டும் தேய ஆரம்பித்துவிட்டது. நக்சல் காலத்துக் கலவரம், மின்வெட்டு, நேரடி இசைக்குக் கேளிக்கை வரி. சம்பளத்துக்கு இருந்த குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. வாத்தியக்காரர்கள் பம்பாய்க்குப் போனார்கள், சிலர் நாட்டை விட்டே போனார்கள். உணவகத்து மேடையையே நம்பியிருந்தவர்களுக்குப் பிழைப்பு போனது. சொந்தக் குழுவோடு எந்த ஊர் மைதானத்திலும் ஏறிப் பாடத் தயாராக இருந்தவர் நின்றார். எண்பதுகளில் பப்பி லஹிரியின் டிஸ்கோ அலை வந்தபோது (1982-ல் 'டிஸ்கோ டான்ஸர்') அந்தக் குரலுக்குச் சினிமாவிலும் ஒரு காலம் வந்தது. ஆனால் அவர் சினிமாவை நம்பி உட்காரவில்லை.

கோர்ட்டுக்குப் போன பாடகி

வாழ வைத்த ஊரும் சும்மா விடவில்லை. எண்பதுகளில் மேற்கு வங்க இடது முன்னணி அரசில் ஒரு அமைச்சர், ஜதின் சக்கரவர்த்தி, உஷா உதுப் பாடுவது 'அபசம்ஸ்கிருதி' என்றார். சீரழிவுக் கலாச்சாரம் என்று அர்த்தம். அரசு அரங்குகளில் பாடத் தடை. அவர் ஊரை விட்டுப் போகவில்லை, கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். பொட்டில் 'க' எழுத்தோடு இன்றைக்கும் அவர் அங்கேதான் இருக்கிறார். எனக்கு அந்தப் பொட்டு வெறும் பாசமாகத் தெரியவில்லை. வழக்குப் போட்டு வாங்கிய பட்டா மாதிரித் தெரிகிறது.

2011-ல் பத்மஸ்ரீ. அதே வருடம் வந்த '7 கூன் மாஃப்' படப் பாட்டுக்கு ரேகா பரத்வாஜோடு சேர்ந்து ஃபிலிம்ஃபேர் விருது. 2024-ல் பத்மபூஷண். அதே வருடம் கணவர் ஜானி காலமானார். எழுபது வயதைத் தாண்டியும் மேடையை விடவில்லை. புடவைத் துணியிலேயே தைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஏறுகிறார்.

ஏன் இதை எழுதினேன்?

உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் எட்டாவது படிக்கிறாள். போன வருடம் பள்ளி ஆண்டு விழாவில் சேர்ந்திசைக்குப் பெயர் கொடுத்தாள். "உன் குரல் கட்டையா இருக்கு, மத்தவங்களோட சேராது" என்று சொல்லிவிட்டார்கள். விழாவன்று மேடைக்குப் பக்கவாட்டில் நின்று, பாடுகிறவர்களுக்கு மைக் ஸ்டாண்ட் எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. குளிக்கும்போது பாடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

முக்கோணக் கம்பிக் கதையை முதன்முதலில் ஒரு பேட்டியில் கேட்டபோது நான் ரயிலில் இருந்தேன். அப்போது ஆரம்பித்ததுதான் இந்த ஷீட், இந்தப் பதிவு எல்லாம்.

மகளிடம் கதை முழுவதையும் சொன்னேன். என் மகளும் உஷா உதுப் ஆவாள் என்று எழுத நான் தயாராக இல்லை. அப்படி எழுதினால் அது ஏமாற்று வேலை. ஒரு குரல் நின்றதற்குக் குரல் மட்டும் காரணம் இல்லை என்றுதான் இவ்வளவு நேரம் கணக்குப் போட்டிருக்கிறேன். ஒரு வானொலி நிலையம் வேண்டியிருந்தது, ஒரு வாரம் பாடு என்று சொல்ல ஒரு முதலாளி வேண்டியிருந்தது, சுருதியை இறக்கிக்கொள்ளும் வாத்தியக்காரர்கள் வேண்டியிருந்தார்கள். திறமை உள்ளவர் எப்படியும் மேலே வந்துவிடுவார் என்று சொல்வது, மேடை கொடுக்காதவர்கள் கண்டுபிடித்த ஆறுதல்.

மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த மியூசிக் டீச்சர் அப்புறம் அவங்க பாடுறத கேட்டாங்களாப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் ஊர் ஆடித் திருவிழாவுக்கு வரும் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் பேசினேன். "ஞாயித்துக்கிழமை ரிகர்சலுக்குக் கூட்டிட்டு வாங்க சார். பாப்பாவுக்கு எந்தக் கட்டை ஒத்து வருதோ அதுல வாசிக்கிறோம்" என்றார். இரண்டு வாரமாகப் போகிறோம். இன்னும் வாய் திறந்து பாடவில்லை, உட்கார்ந்து கேட்கிறாள். ஆனால் நேற்று காலை குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தோடு வேறு ஒரு சத்தமும் வந்தது.

அடுத்த பதிவில் எம்.எஸ்.வி. குழுவின் வாத்தியக்காரர்களைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். நைன் ஜெம்ஸில் நேரில் உட்கார்ந்து கேட்டவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், தயவுசெய்து அவர்களிடம் இப்போதே பேசி எழுதி வையுங்கள். கட்டடம் போய்விட்டது, கேட்ட காதுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்.